நேராகப் போவதற்கான திட்டம்

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
மோட்டாரை வரைந்தேன்.
பத்துக்கு ஒரு புள்ளி குறைந்த குதிரைத்திறன்.
கைப்பிடி ஒரு கோடு.
அதைப் பிடிக்கும் என் கையை
வரையாமல் விட்டேன்.
அங்கேதான் வரப்போகிறது அது.

கூட வந்த கிளாட்வின்
தையில் ஓமன் போய்விட்டான்.
அதிலிருந்து
வலைக்கு ஒரு கை, திசைக்கு ஒரு கை,
பீடி நெருப்புக்கு
இரண்டு முழங்கால்.
கைப்பிடியை விட்டால் வள்ளம்
குடித்தவனைப் போல
தன்னைத்தானே சுற்றி வரும்.

நம்புகுமரன் சொன்னான்,
ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
செல்போனும் தண்ணீர் மோட்டாரும்
ஒரே மேசையில் பிரிக்கிறவன்:
லாரி வைப்பர் மோட்டார் போதும்ணே,
பழசு, பரமக்குடி உடைசல் கடையில் கிடைக்கும்.
மரை வெட்டின கம்பி ஒரு முழம்.
அது தள்ளும், இழுக்கும்.
பன்னிரண்டு வோல்ட் பேட்டரி உன்னுடையதே.
மூளைக்கு ஒரு அட்டை,
வெற்றிலை அளவு.
திசைக்கு ஒரு சில்லு,
கொண்டைக்கடலை அளவு.
அதுக்கு வடக்கு தெரியும்,
இரும்பு பக்கத்துல வந்தா
மறந்துடும்.

அதனால் நேற்று ராத்திரி
ஓலைக்குடா மணலில் ஏற்றிக் கிடந்த வள்ளத்தில்
சில்லை உள்ளங்கையில் ஏந்தி
அடி அடியாக நடந்தேன்.
மோட்டார் அருகே வடக்கு
தனுஷ்கோடிப் பக்கம் சாய்ந்தது.
நங்கூரத்துக்கு அருகே
கண்டபடி ஆடியது.
இருபத்தெட்டு அடியில்
வடக்கு வடக்காக இருந்தது
ஒரே இடத்தில்:
நடுப்பலகைக்கு முன்னால்,
தூக்குவாளியும் மீன் கத்தியும் வைக்கிற மூலை.
தூக்குவாளியால் தொந்தரவில்லை.
கத்திதான் ஆகாது.

காற்றுக்கு என்ன செய்வது?
வாடை தள்ளினால் அது தெரிந்து திருப்பும்,
முகம் விலகுவதால்.
நீரோட்டத்தை அறியாது.
வாநீவாடு வள்ளத்தை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகும்,
முகம் மட்டும் நேராக இருக்கும்.
கிழக்கே அந்தக் கோடு வேறு,
தண்ணீரில் யாரும் வரைந்ததில்லை,
கடந்தவர்களுக்குத்தான் தெரியும்
எங்கே இருந்தது என்று.
ஆகவே கிழக்கைப் பார்த்து
அதை ஓடவிடக் கூடாது.
எழுதி அடிக்கோடிட்டேன்.

டெல்பினா கணக்கைப் பார்த்தாள்.
குழுக் கடன் இன்னும் ஆறு தவணை.
"எட்டாயிரத்து நானூறா" என்றாள்.
பிறகு, பூண்டு உரித்தபடியே,
"நீ விழுந்துட்டா?"

விழ மாட்டேன் என்றேன்.

"விழுந்துட்டா
அது என்ன செய்யும், அதைச் சொல்லு."

வரைந்ததைப் பார்த்தேன்.
வைப்பர் மோட்டார், கம்பி, அட்டை, சில்லு.
போகும்.
நான் சொன்ன திசையில்,
நான் சொன்ன வேகத்தில்,
அலை புரட்டினால் திருத்திக்கொண்டு,
பெட்ரோல் தீரும் வரை
நல்ல பிள்ளையாகப் போகும்.
நான் இல்லை என்கிற செய்தி
அதற்கு எந்தக் கம்பி வழியாகவும் வராது.
கைப்பிடியை விட்டால் சுற்றி வருகிற
என் குடிகார வள்ளம்
ஒருமுறையாவது
என் பக்கம் திரும்பியிருக்கும்.

வெகுநேரம்
பூண்டுத் தோல் மட்டும் மின்விசிறியில் பறந்தது.

அவள்தான் எழுந்து போனாள்.
மோட்டாரோடு வந்தது,
சிவப்புச் சுருள் கயிறு,
முதல் நாளே தொல்லை என்று கழற்றியது,
பதினோரு வருஷமாக
ரேஷன் கார்டுப் பையைத் தொங்கவிட்டிருந்தது.
ஒரு முனையை என் மணிக்கட்டில் மாட்டினாள்.
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
அடுக்களை வரை நடந்தாள்.
சுருள் நீண்டது,
நீண்டது,
பிறகு வெடுக்கென்று
அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"நிக்குமா இப்ப?"
நிற்கும்.
இருபது முப்பது பாகத்துக்குள் நிற்கும்.
நீந்தலாம்.

பட்டியலின் தலையில்,
வைப்பர் மோட்டாருக்கும் மேலே
இடம் இல்லாத இடத்தில் இடுக்கி எழுதினேன்:
கயிறு. வீட்டில் இருக்கிறது.
விலைக்கு நேரே ஒரு கோடு.

ரேஷன் கார்டு இப்போது ஜன்னலில் கிடக்கிறது.
கத்தியை எங்கே வைப்பதென்று
இன்னும் முடிவாகவில்லை.